பிரதோஷத்தன்று வந்த பன்னிரண்டு பேர்

அன்று மதியம் இரண்டு மணிக்கு நாள்காட்டித் தாளில் ‘பிரதோஷம்’ என்று பார்த்த நான், ஐந்து மணிவரை அதை என் இடத்தில் வேலை பார்த்த பெண்ணிடம் சொல்லாமல் இருந்தது மறதியாலா, வேண்டுமென்றேவா? மூன்று வாரமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பதில் வருகிறது.

மயிலாப்பூரைப் பார்க்க வெளியூரிலிருந்து வருகிறவர்களை மாட வீதிகளில் நடத்திக் கூட்டிப்போய் ஊரைக் காட்டும் சின்னக் குழு எங்களுடையது. இங்கேயே குடியிருக்கிற ஏழெட்டுப் பேர் சேர்ந்து நடத்துகிறோம். குளத்தில் தொடங்கி, தேர் நிற்கும் இடம், பாத்திரக் கடைகள், கோயில் என்று வழியை வகுத்தவள் நான். கையேடு எழுதியவளும் நான். மூன்று வருடம் அந்த நடையை நானே நடத்தினேன். வயிற்றில் ஏழு மாதம் ஆனபோது, ஆறு மாதத்துக்கு மட்டும் என்று சொல்லி அந்தப் பெண்ணிடம் ஒப்படைத்தேன். என் மகளுக்கு இப்போது பதினோரு மாதம்.

அவள் நொச்சிக்குப்பத்துப் பெண். அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா மீன் விற்கிறவர். பி.காம். முடித்துவிட்டு எங்கள் குழுவில் சேர்ந்தாள். அவள் என் வழியை மாற்றவில்லை, கையேட்டை மாற்றவில்லை. முதல் மாதமே நான் யோசிக்காத ஒன்றைச் செய்தாள். மாட வீதிகளைச் சுற்றியுள்ள வீடுகளில் ஏறி இறங்கி, நாலு வீட்டுக்காரர்களிடம் பேசி, வருகிறவர்கள் அவசரத்துக்குக் கழிப்பறைக்குப் போகவும் கொஞ்சம் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கவும் சம்மதம் வாங்கிவிட்டாள். அந்த வீட்டு கேட்டுகளில் ஒரு மஞ்சள் அட்டை தொங்கும். மூன்று வருடம் அதே வீடுகளைக் கடந்துதான் நானும் நடந்தேன்.

“வயசானவங்கக்கா. கோயில் எவ்ளோ பழசுனு அப்பறம்தான் கேப்பாங்க. பாத்ரூம் எங்க கீதுனு மொதல்ல கேப்பாங்க” என்றாள். சிரித்தேன். 

திங்கட்கிழமைதோறும் பார்வையாளர்கள் எழுதும் நோட்டை அவள் என் வீட்டுக்குக் கொண்டுவருவாள். குழந்தை தூங்கும் நேரத்தில் அதிலுள்ளதைக் கணினியில் ஏற்றுவதும், முன்பதிவு போன்களை எடுப்பதும்தான் எனக்கு மிஞ்சிய வேலை. நான் நூலகத்தில் உட்கார்ந்து தேடி எழுதிய குளத்துக் கதையை யாராவது பாராட்டியிருக்கிறார்களா என்று பக்கம் பக்கமாகப் பார்ப்பேன். கிடைப்பதெல்லாம் சுத்தமான கழிப்பறை, யாரோ ஒரு வீட்டில் கொடுத்த மோர், ‘எங்கள் மகளைப் போல் கையைப் பிடித்துக் கூட்டிப்போன பெண்’. அந்த வரிகளையும் நான்தான் எழுத்துப் பிழை திருத்தி ஏற்றவேண்டும். ஒருநாள் என் மகள் என் இடுப்பிலிருந்து அவளிடம் தாவினாள். சளி பிடித்திருக்கிறது என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். சளி இல்லை.

பிரதோஷத்தன்று மாலை நடை வைக்கக்கூடாது என்பது எங்கள் குழுவின் விதி. அந்த விதியைப் போட்டவளே நான். அன்று நாலரைக்கு மேல் கோயிலில் கால் வைக்க இடம் இருக்காது. முன்பதிவு வந்ததும் நாள் பார்ப்பது என் பொறுப்பு. திருச்சியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் பன்னிரண்டு பேர் வரும் வியாழக்கிழமை ஐந்து மணிக்கு நடை வேண்டும் என்று கேட்டபோது, தடுப்பூசி போட்ட காய்ச்சலில் குழந்தை என் தோளில் அழுதுகொண்டிருந்தாள். பார்க்காமலே சரி என்று அனுப்பிவிட்டேன். இதுவரை மறதி. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

வியாழன் மதியம், கிழிக்காமல் விட்டிருந்த இரண்டு நாள் தாள்களைச் சேர்த்துக் கிழித்தபோதுதான் அந்த எழுத்து கண்ணில் பட்டது. போன் கையில் இருந்தது. குழந்தையைத் தூங்க வைத்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். குழந்தை தூங்கினாள். பக்கத்தில் படுத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஒருமுறையாவது தடுமாறட்டுமே என்று ஒரு நினைப்பு ஓடியது எனக்குத் தெரியும். அதன் பிறகு கண் அசந்ததா, கண்ணை மூடிக்கொண்டேனா என்பதுதான் தெரியவில்லை. எழுந்தபோது ஐந்தரை.

ரிஷப வாகனம் பிராகாரம் சுற்றிய நெரிசலில் ஒரு அம்மாள் கூட்டத்தை விட்டுப் பிரிந்துவிட்டார். அவரிடம் போன் இல்லை. சர்க்கரை நோய்க்காரர். ஒரு மணி நேரம் தேடினார்கள். கடைசியில் வடக்கு மாட வீதியில், மஞ்சள் அட்டை தொங்கிய ஒரு வீட்டில் மோர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வழி தவறினால் மஞ்சள் அட்டை வீட்டுக்குப் போய் உட்காருங்கள் என்று தொடக்கத்திலேயே அவள் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள். என் கையேட்டில் அப்படி ஒரு வரி கிடையாது.

அந்த அம்மாளின் மகன் போனில் கத்தியதால் ஞாயிறன்று குழு கூடியது. நாள் பார்த்தது யார் என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் பொருளாளர் மாமி, “பாவம், கைக்கொழந்தைக்காரி. அவளைப் போய் என்ன கேக்கறது?” என்றார். அந்தப் பாவத்துக்குள் நான் ஒளிந்துகொண்டேன்.

அவள் எழுந்து, “தப்பு எம்மேலதான். அமாவாசைக்கு எத்தினி நாள் கீதுனு பாக்காம எங்க நைனா வலைய எடுக்காது. அந்த வீட்டுப் பொண்ணு நானு, நாள் பாக்காம கூட்டினு போய்ட்டேன்” என்றாள்.

பேச்சு அடங்கும்வரை அவள் கொஞ்ச நாள் ஒதுங்கியிருக்கட்டும் என்றும், நடையை மறுபடி நானே நடத்தவேண்டும் என்றும் முடிவானது. பதினோரு மாதமாக நான் ஏங்கியது அதற்குத்தான். கைதட்டினார்கள். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே அவள், “நீங்க போங்கக்கா, நான் பாப்பாவப் பாத்துக்கறேன்” என்றாள். கேலியாகச் சொன்னாளோ என்று அவள் முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை.

கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மறந்துவிட்டாய், அவ்வளவுதான், விடு என்றார். மறந்துவிட்டேன் என்று குழுவிடம் சொன்னால் அவர்களும் அப்படியே விட்டுவிடுவார்கள். அந்த மன்னிப்பை வாங்கக் கை நீளவில்லை. வேண்டுமென்றே செய்தேன் என்று சொல்லலாம் என்றால், அது உண்மைதானா என்று எனக்கே உறுதியில்லை. இரண்டு ஞாயிறுகள் குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று நடையைத் தள்ளிப்போட்டுவிட்டேன். இனி தள்ள முடியாது. அந்த நாலு வீட்டுக்காரர்களும் அவள் எங்கே என்று கேட்கப்போகிறார்கள்.

அவள் அந்த இடத்துக்குத் திரும்பி வரவேண்டும். அதில் எனக்குக் குழப்பம் இல்லை. பொறாமை இன்னும் போகவில்லை என்பதிலும் குழப்பம் இல்லை. இதைப் படிக்கிறவர்களில் யாராவது இப்படி ஒரு மதியத்தைக் கடந்து வந்திருந்தால் சொல்லுங்கள். முதலில் அவளிடம் போகட்டுமா, குழுவிடம் போகட்டுமா? எனக்கே நிச்சயமில்லாத அந்த மூன்று மணி நேரத்தை அவர்களிடம் என்னவென்று சொல்வது?