சத்தியக் கல்

கனடாவில், மொன்ட்ரியால்-நோர் மாதா கோயில் மண்டபத்தில் அணைந்த மெழுகுதிரி மணத்ததுமே எனக்கு எரிச்சல் வந்தது. மன்னாரில் எங்கள் ஊர்த் தெருவோரம், போரில் ஷெல் விழுந்து நொறுங்கும்வரை நின்ற போர்த்துக்கேயர் காலத்துக் கற்சிலுவையின் நாற்றம் அது. ஊரில் எது தொலைந்தாலும், வீடுகளில் கூலிக்கு மா இடித்த என் அம்மாவைத்தான் உச்சிவெயிலில் கூட்டிவந்து, மெழுகு உருகி வழியும் அந்தக் கல்லில் கைவைத்து, எடுக்கவில்லை என்று சத்தியம் செய்யச் சொல்வார்கள். அன்றைக்கு அம்மா பிசைந்து தரும் சோற்றிலும் அந்த மெழுகே நாறும்.

"சிலுவையைத் திரும்ப வைக்கப்போறம் அக்கா. விழா மலருக்கு உங்கட நினைவுகளை எழுதித் தாங்கோ," என்றார் வள்ளங்களும் வலைகளும் வைத்திருந்த ஊர்ச் சம்மாட்டியாரின் மகன்.

"எழுதுறன். அம்மா கடைசியாச் சத்தியம் பண்ணினது உங்கட வீட்டில தொலைஞ்ச சங்கிலிக்கு. அடுத்த ஞாயிறு பூசைக்கு உங்கட அம்மா அதைப் போட்டுக்கொண்டு வந்தவ. அச்சடிப்பீங்களோ?"