அசையாத லென்ஸ் இதழ்கள்

கப்பல் பட்டறை வெல்டர் லூர்துராஜ், ஞாயிற்றுக்கிழமைகளில் சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் அறைத் தோழர்களைப் படமெடுப்பான். அந்த வாரம் அவர்கள் அனைவருக்கும் ஓவர்டைம். சாலையோரப் புல்வெளியில் தனியே உட்கார்ந்து கேமராவின் பொத்தானை அழுத்தியபோது, திரையில் லென்ஸ் பிழை என்று வந்தது. லென்ஸைக் கழற்றி, மின்முனைகளைத் துடைத்து மாட்டியும் சரியாகவில்லை. ஒளி நுழையும் துளையான அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து வைத்தால் மட்டும் படம் விழுந்தது. உள்ளே அந்தத் துளையைச் சுருக்கும் இதழ்கள் சிக்கியிருக்கின்றன என்று புரிந்தது.

முகம் எப்படி விழும் என்று பார்க்க எதிரே ஆளில்லை. கேமராவைப் பைமேல் வைத்து, டைமர் போட்டுத் தானே போய் நின்றான். பின்னாலிருந்த கூட்டம் மங்கி, அவன் மட்டும் தெளிவாக விழுந்தான். ஊரிலிருக்கும் மனைவி ஸ்டெல்லாவுக்கு அனுப்பினான். உடனே அழைத்தாள்.

"நல்லா இருக்கீங்க. யாரு எடுத்தா?"

"கூட்டாளி ஒருத்தன்."

"அவரையும் ஒரு படம் எடுத்து அனுப்புங்களேன், பாக்குறேன்."

"அனுப்புறேன்" என்றான் லூர்துராஜ்.