தண்ணீர் கலக்காத மீன் உரம்

தொட்டிக் கறிவேப்பிலையின் இலைகள் மஞ்சளாகி உதிர்ந்ததும் பதறிப்போய், மீன் கழிவும் வெல்லமும் ஊறிய டப்பாவைத் திறந்தேன். அந்த நாற்றத்தில் எதிர்வீட்டு ஜன்னல்கள் படபடவென்று சாத்தப்பட, நான் மட்டும் நினைவில் இலுப்பூர் வீட்டுக் கொல்லைக்குப் போய்விட்டேன். அங்கே மீன் அலசிய தண்ணீர், அரிசி களைந்த தண்ணீர், புளித்த மோர் என்று கையில் கிடைத்ததையெல்லாம் அம்மா தூரில் ஊற்ற, ஈரமண்ணைக் கோழிகள் கிளற, கறிவேப்பிலை மரம் ஓட்டுக்கு மேல் மணந்துகொண்டு நின்றது. உரம் என்ற சொல்லையே அங்கே நான் கேட்டதில்லை.

இப்போது அம்மா இல்லை, கொல்லை முழுக்க யாருடைய கார்களோ நிற்கின்றன. அந்த மரத்தின் பக்கக் கன்று ஒன்றுதான் திருக்கோகர்ணத்தில் என் மாடித் தொட்டியில் மிச்சம். மூர்ச்சையானவனுக்குச் சோடா புகட்டுகிறவன் மாதிரி டப்பாவை அப்படியே கவிழ்த்தேன்.

மனைவி ஓடி வந்தாள். "தண்ணி கலந்தீங்களா?"

"அவசரத்துல ஏது தண்ணி?"

"வேரு வெந்துருமேங்க! பச்சப்புள்ளைக்கு யாராச்சும் பிரியாணி ஊட்டுவாங்களா?"

உடனே வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, வெந்த வேரை மூழ்கடிக்கவும் செய்தேன்.

சில நாள் கழித்துத் தண்டைக் கீறினால், உள்ளேயும் பழுப்பு. எதற்கும் கேலி பேசுகிறவள் அன்று காய்க்காரர் கொசுறாகப் போட்ட கறிவேப்பிலையைக் கிள்ளி ரசம் தாளித்தாள். மணக்கிறதா என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.