எண்ணெயைப் பிடித்து நிறுத்திய தூள்

காலையில் நர்சரிக்குள் போனபோது இரண்டாம் பாத்தியில் கன்றுகள் திட்டுத்திட்டாகக் கருகிக் கிடந்தன. முந்தின நாள் மருந்தடித்தவர்கள் என் ஆட்கள். அப்போது இலங்கையில் நமுனுகுல மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் நர்சரி ஆட்களை வேலை வாங்கும் கங்காணி. தேயிலைக் கன்றுகளின் இலைக்கடியில் சிவப்புப் பேன் பிடித்திருந்தது. அதைக் கொல்ல, சவர்க்காரத் தண்ணீரில் மண்ணெண்ணெயைக் கலக்கி அடிப்போம்.

தோட்டத்தை நடத்தும் துரை கன்றுகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"கங்காணி, இன்னொரு பாத்தி கருகினா ஒனக்குப் பத்துச்சீட்டுதான்."

பத்துச்சீட்டு என்றால் தோட்டத்தை விட்டு வெளியேற்றும் சீட்டு. என் பெண்சாதிக்கு அப்போது நிறைமாதம்.

எங்கள் ஓடைத் தண்ணீர் சுண்ணாம்புப் பாறையில் ஊறி வருவது. அதில் சவர்க்காரம் கரையாமல் திரிந்த பால் மாதிரி திப்பி திப்பியாகும். எண்ணெய் மேலே ஏறி நிற்கும். வாளி வற்ற வற்ற, மிஞ்சுவது சுத்த எண்ணெய். அது பட்ட கன்று எங்கே பிழைக்கும்? இது தெரியாமல், கலக்கிய பெண்களை நான் திட்டித் தீர்த்தேன்.

அடுத்த வாரம் துரை ஒரு மரத்தொட்டியோடு வந்தார். சீமைப் பத்திரிகையில் ஏதோ படித்தாராம்.

"இந்தத் தண்ணியில சவர்க்காரம் கரையாது, வேணாம். மயில்துத்தம் போடு, சுண்ணாம்பு போடு."

"தொரைக்கு வெத்தல போடுற ஆசை வந்துருச்சு போல," என்று முத்தம்மா என் காதில் சொன்னாள். மருந்து கலக்கும் பெண்களில் மூத்தவள் அவள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

துத்தத்தைக் கரைத்துச் சுண்ணாம்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினோம். நீலமாக, மாவை விட நைசான ஒரு தூள் பிரிந்தது. தேயிலைச் செடி நறுக்கும் கவ்வாத்துக் கத்தியை அதில் முக்கிப் பார்த்தோம். கத்தியில் செம்பு ஏறினால் சுண்ணாம்பு போதவில்லை என்று அர்த்தம். கத்தி சுத்தமாக வந்தபின் மண்ணெண்ணெயை ஊற்றி, பம்பால் உறிஞ்சி அதே தொட்டிக்குள் திரும்பத் திரும்பப் பீச்சினோம்.

தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தால், மேலே பாலில் போல ஆடை கட்டியிருந்தது. போச்சு, எண்ணெய் மறுபடி மேலே ஏறிவிட்டது என்று நினைத்தேன். முத்தம்மா ஒரு குச்சியை விட்டுச் சுற்றினாள். ஆடை அப்படியே கலந்துகொண்டது. விரலை விட்டுப் பார்த்தேன், தனி எண்ணெய் ஒரு பொட்டுக்கூட இல்லை. எருமைத் தயிர் மாதிரி இருந்தது.

"இது என்னாங்க தொரை, மந்திரமா?" என்றேன்.

"மந்திரம் இல்ல. எண்ணெ சின்னச் சின்னச் சொட்டு. தூள் ஒவ்வொரு சொட்டையும் சுத்தி வேலி கட்டுது. சொட்டும் சொட்டும் சேர முடியாது."

ஊதினால் பறக்கிற தூசுக்கு இவ்வளவு வல்லமையா? அந்தத் தொட்டிக்குள் எத்தனை லட்சம் வேலிகள், யார் கட்டியது, எப்போது கட்டியது என்று நினைக்க நினைக்க உடம்பு சிலிர்த்தது. சாமி சன்னதியில்கூட நான் அப்படி நின்றதில்லை.

தண்ணீர் விட்டு இளக்கி மூன்றாம் பாத்திக்கு அடித்தோம். வாளியின் கடைசி மருந்தை நானே கடைசிக் கன்றுகளுக்கு அடித்தேன். கருகுவதென்றால் அவைதான் கருகும்.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் துரை அந்தக் கன்றுகளின் இலையைப் புரட்டினார். பச்சையாக இருந்தது. பேன் செத்திருந்தது.

"நாலாம் பாத்திக்கும் அடி, கங்காணி," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இப்போது மருந்தடிக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். கலக்கிய கையைத் திட்டுமுன் தண்ணீரைப் பாருங்கள். முத்தம்மாவிடம் அன்றே அதைச் சொன்னேன். "இப்பவாச்சும் தெரிஞ்சுச்சே," என்றாள்.

அங்கிருந்து, நாங்கள் குடியிருந்த லயத்துக்கு ஓடிப்போய்ப் பெண்சாதியிடம் விஷயத்தைச் சொன்னேன். தோட்டத்தை விட்டுப் போக வேண்டிவருமென்று அன்று காலை எனக்குத் தெரியாமல் கட்டி வைத்திருந்த மூட்டையை அவள் மூலையிலிருந்து இழுத்துப் பிரித்து, சோற்றுப் பானையை எடுத்து அடுப்பில் வைத்தாள்.