பெரியவளுக்கு வந்த மலேரியா

பாலம் கட்டும் இடத்தில் கான்கிரீட் போடும் முன் கம்பி கட்டு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது பெரியவளின் வேலை. முப்பத்தொரு வயது வரை அவள் நோய் என்று படுத்ததில்லை. அவள் பிறந்த வீட்டில் படுக்கும் உரிமை தங்கைக்குத்தான். தங்கையின் எலும்பு மஜ்ஜையில் பிறந்ததிலிருந்தே சிவப்பணுக்கள் சரியாக உருவாவதில்லை. லட்சத்தில் ஒருவருக்குக்கூட வராத நோய். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். அன்று அம்மா கட்டிலை விட்டு நகரமாட்டாள். பெரியவள் பள்ளியில் பரிசு வாங்கியதும் அப்படியொரு நாளில்தான். கோப்பையைத் தானே அலமாரியில் வைத்துக்கொண்டாள்.

பாலத்தடியில் தேங்கிய தண்ணீரில் கொசு பெருகி, அவளுக்கு மலேரியா வந்தது. குளிரில் பல் தந்தியடித்தபோதும் மனசுக்குள் ஒரு குறுகுறுப்பு. இப்போதாவது அம்மா வருவாள்.

வந்தாள். ஆறு மணி நேரம் பேருந்தில் வந்தவள், பையைக்கூடக் கீழே வைக்காமல் நெற்றியில் கை வைத்தாள். பெரியவள் கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் கை விலகியது. மாத்திரை அட்டை சரசரத்தது.

"ஏண்டி, இது குளோரோகுயின்தானே? ரத்த டாக்டர் சொன்னாரு, மலேரியா மாத்திரைய நம்ம சின்னவ நோய்க்கும் ஆய்வுக்கூடத்துல சோதிச்சுப் பாக்கறாங்களாம்!"

"எனக்கு வந்த காய்ச்சலையும் அவளுக்கே தூக்கிக் குடுத்துட்டியாம்மா?"

அம்மா அட்டையைக் கீழே வைத்தாள்.

மறுநாள் தங்கை போன் செய்தாள்.

"அம்மா சொல்றத விடுக்கா. அதெல்லாம் இன்னும் ஆராய்ச்சிதான், இப்ப எனக்குக் குடுக்கமாட்டாங்க. உனக்கு எத்தனை நாள் மாத்திரை?"

"மூணு நாள்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, சரியாயிடும்."

"குடுத்து வச்சவ. எனக்கு வயித்தெரிச்சலா இருக்குக்கா."

பொறாமை தன் தனிச்சொத்து என்றே பெரியவள் இத்தனை வருடம் நினைத்திருந்தாள். ஆனாலும் கேட்டுவிட்டாள்: "அம்மா நாளைக்கும் இங்க இருக்கட்டுமா?"

"நாளைக்கு எனக்கு ரத்தம் ஏத்தற நாள்." தங்கை பெருமூச்சு விட்டாள். "சரி, வச்சுக்கோ. நான் தனியாப் போயிக்கறேன்."

மறுநாளும் அம்மா இருந்தாள். ஈரத்துணி போட்டாள், தலை வாரிவிட்டாள். ரத்தம் ஏற்றத் தொடங்கும் பத்து மணியிலிருந்து அவள் கண் சுவர்க்கடிகாரத்திலேயே இருந்தது. பெரியவள் அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள். பன்னிரண்டுக்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"போன் பண்ணிக் கேளேன்மா."

அம்மா ஒரே தாவலில் போனை எடுத்தாள். பெரியவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.