கருங்கல் பள்ளத்தில் கழற்றிய காலணி

டார்லா ஹேக்கெட் ஐடஹோ மலைப் பள்ளத்தாக்கு ஒன்றில் எரிவாயு லாரி ஓட்டுகிறவள். பண்ணை வீடுகளின் பின்புறம் நிற்கும் வெள்ளைத் தொட்டிகளை நிரப்பிவிட்டு வருவாள். எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. வெளியே மூச்சு விட மாட்டாள். செப்டம்பர் பிறந்தால் மட்டும் ஆளைப் பிடிக்க முடியாது. வில்லைத் தூக்கிக்கொண்டு அரசாங்க மலைக்குப் போய்விடுவாள். அனுமதிச் சீட்டு வைத்திருப்பவர் எவரும் ஏறலாம் அங்கே. கழுதைக் காது மான்களுக்கும் அது தெரியும் போல, எளிதில் கண்ணில் படாது.

கூட வருகிறவன் ராய்ஸ் டன்லப், வெல்டிங் பட்டறைக்காரன். டார்லாவுடையது இரு முனையிலும் கப்பி வைத்த புது மாதிரி வில்; அவன் மட்டும் பழைய மரவில்தான் பிடிப்பான். அம்பு முனையை ஒற்றைத் தகடாக அவனே அறுத்து, அரம் போட்டுக் கூராக்குவான்.

"அந்த விறகுக்கட்டைய வச்சுக்கிட்டு இன்னும் எத்தனை வருஷம் மானுக்கெல்லாம் ஆசீர்வாதம் பண்ணப் போற?" என்பாள் டார்லா.

"உன் கப்பி வில்லுக்கு முதல்ல எண்ணெய் போடு. கிணத்து உருளை மாதிரி கீச்சுங்குது. அந்தச் சத்தத்துலதான் ஒரு மானும் நிக்க மாட்டேங்குது."

ஒரு வருஷம் லாரியை மலையடியில் நிறுத்திவிட்டு இருவரும் பிரிந்தார்கள். "நான் ஆட்டுப்பள்ளத்துக்குப் போறேன். முதல்ல இறங்குறவங்க காபி போடணும்" என்றான் ராய்ஸ். மதியத்துக்கு மேல் காற்று திசை மாறி அடித்தது. சாயங்காலம் டார்லா காபி போட்டு வைத்தாள். அது ஆறிப்போனது. ராய்ஸ் வரவில்லை.

விளக்கும் நாயுமாக ஊரே ஆட்டுப்பள்ளத்தில் இறங்கித் தேடியது. ஹெலிகாப்டரும் அதன் மேலேயே சுற்றியது. பனி விழத் தொடங்கியதும் தேடல் நின்றுபோனது. கடைத்தெருவில் ராய்ஸின் மனைவி ஜோலீன் டார்லாவை மறித்தாள். சத்தம் போடவில்லை.

"உன்கூடத்தான் வந்தான். நீ மட்டும் இறங்கி வந்துட்ட."



அடுத்த வருஷமும் டார்லா மலைக்குப் போனாள், ஆனால் வில்லை வளைக்கவில்லை. பாறையில் உட்கார்ந்திருக்கையில் முதுகுக்குப் பின்னால் யாரோ சட்டைக்கையில் வாயைப் பொத்தி இருமுவது கேட்கும். ராய்ஸ் அப்படித்தான் இருமுவான். திரும்பினால் புல் அசையும், அவ்வளவுதான். இதை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை.

அதற்கும் அடுத்த கோடையில் ஒரு கொம்பு மான் அவள் தொலைநோக்கியில் பட்டது. முன்னங்காலை லேசாக இழுத்து நடந்தது. பகல் முழுக்கக் கருங்கல் பள்ளத்தில், செங்குத்துப் பாறை நிழலில் படுத்திருக்கும். ஆட்டுப்பள்ளத்துக்கு மேற்கே, கணவாயைத் தாண்டி இருக்கிறது அந்த இடம். செப்டம்பரில் ஒரு காலை, கணவாய் ஊற்றுக்குத் தண்ணீர் குடிக்க வந்ததை ஒரே அம்பில் வீழ்த்தினாள். கறியைப் பிரிக்கும்போது தோள்பட்டையில் கத்தி எதிலோ மோதிக் கிணுங்கியது. எலும்பு வளர்ந்து மூடிய இடத்தைக் கொத்தி எடுத்தாள். ஒற்றைத் தகடு. அரம் போட்ட கோடுகள் அப்படியே இருந்தன.

கை கழுவாமலே ஜோலீன் வீட்டுக்குப் போய் அதை மேஜையில் வைத்தாள்.

ஜோலீன் அதை விரலால் புரட்டினாள். "இத சமையலறையில உக்காந்துதான் தேய்ப்பான். பல்லு கூசுதுடான்னு கத்துவேன்." அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "எங்க கிடைச்சது?"

"கருங்கல் பள்ளத்து மானு ஒண்ணோட தோள்ல, ஜோலீன். காத்து மாறவும் மானுக்கு வாடை போயிருமேன்னு கணவாயத் தாண்டிப் போயிருக்கான்."

"அங்க யாரும் தேடலையே."

"தேடல."

"நானும் வர்றேன்" என்று ஜோலீன் எழுந்தாள்.

உள்ளூர்ப் போலீஸான ஷெரீஃப் ஆபீஸிலிருந்தும் இரண்டு பேர் கூட ஏறினார்கள். கணவாய்க்கு அப்பால் ஒரு கல்லின் மேல் ராய்ஸின் காலணிகள் ஜோடியாக இருந்தன. ஒன்றுக்குள் எலி கூடு கட்டியிருந்தது. பக்கத்தில் பை, பைக்குள் டார்ச். மானை நெருங்கும்போது காலடிச் சத்தம் கேட்காதிருக்க வில்காரர்கள் காலணியைக் கழற்றிவிட்டு வெறும் காலுறையோடு நடப்பார்கள். அப்படித்தான் போயிருக்கிறான், எய்திருக்கிறான், ரத்தத் தடம் பார்த்து அப்படியே ஓடியிருக்கிறான்.

செங்குத்துப் பாறையின் அடிவாரத்தில் அவன் கிடந்தான். மிச்சம் எலும்பும் இடுப்பு வாரும்தான். தொடை எலும்பு முறிந்திருந்தது.

"விழுந்த உடனே உயிர் போயிருக்கும்மா. கஷ்டப்பட்டிருக்க மாட்டாரு" என்றான் ஷெரீஃபின் ஆள்.

ஜோலீன் கையை நீட்டிக் காட்டினாள். கிடந்தவன் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு கல்லின் மேல் மரவில் பத்திரமாகச் சாத்தப்பட்டிருந்தது. நாண் கழற்றிச் சுருட்டப்பட்டிருந்தது.

"அப்ப நாணை யாரு கழட்டினா?"

அவன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நகர்ந்துவிட்டான்.

ராய்ஸ் கிடந்த இடத்தருகே டார்லா உட்கார்ந்து நிமிர்ந்தாள். கணவாயின் இடுக்கு வழியே ஆட்டுப்பள்ளம் முழுசாகத் தெரிந்தது. அதற்கும் கீழே, லாரி நிறுத்தும் இடம். ஊர் பூராவும் விளக்கைப் பிடித்துக்கொண்டு அங்கே அலைந்ததை அவன் இங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். காற்றோ எதிர்க்காற்று. எவ்வளவு கத்தினாலும் கீழே எட்டியிருக்காது.

ஜோலீனும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அதே திசையில் பார்த்தாள்.

"தெரிஞ்சிருக்கும், இல்ல?"

"ம்."

"அன்னைக்கு ராத்திரி லாரி லைட்ட எரிய விட்டிருந்தியே."

"விடியிற வரைக்கும்."

"அப்ப நீ போகலன்னு அவனுக்குத் தெரியும்" என்றாள் ஜோலீன். அது ஆறுதலா, குற்றச்சாட்டா என்று டார்லாவுக்கு அன்றும் விளங்கவில்லை, பிறகும் விளங்கவில்லை.

ராய்ஸைப் புதைத்த அன்று சாயங்காலம் ஜோலீன் அந்த மானின் கறியைக் கேட்டு வாங்கி, வெங்காயம் போட்டு வதக்கினாள். இருவரும் சாப்பிட்டு முடித்தார்கள்.

டார்லா இன்னும் லாரி ஓட்டுகிறாள், மலைக்கும் போகிறாள். செப்டம்பரில் வழியில் வில்லோடு யாரைக் கண்டாலும் வண்டியை நிறுத்திவிடுவாள். போன வருஷம் வெளியூர்க்காரன் ஒருவன் மாட்டினான்.

"எங்க போறீங்க தம்பி?"

"மேலதான்."

"மேலன்னா எந்தப் பள்ளம்?"

"ஆட்டுப்பள்ளம்."

"காத்து மாறினா?"

அவன் சிரித்தான். "என்னங்க, போலீஸா நீங்க?"

டார்லா சிரிக்கவில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்தே இருந்தாள். பையனுக்குச் சிரிப்பு அடங்கிப்போனது. வரைபடத்தைப் பிரித்து, காற்று மாறினால் போகும் இடத்தை விரல் வைத்துக் காட்டினான். அவள் அந்த இடத்தின் பேரை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு லாரியைக் கிளப்பினாள்.