ஊர்ப் பெயர் இல்லாத தலைப்பு

மூணாறை அடுத்த சித்திரபுரத்தில் எஸ்தர் அக்கா தன் வீட்டு மாடியில் சுற்றுலா வருபவர்களுக்காக அறைகள் கட்டினார். அதற்கான இணையப் பக்கத்துக்கு, தேடுபவர்கள் கண்ணில் படும்படி தலைப்பு எழுதியவன் நான்; அதுவே என் தொழில். ஊர்ப் பெயரை முதலில் வைத்தேன். மழைக்காலம் முடிந்தும் ஒருவரும் வரவில்லை.

"சித்திரபுரம்னு எவன் தம்பி தேடுதான்? மூணாறுன்னு போடுங்க. இல்லன்னா நான் திரும்பவும் தேயிலைக் கொழுந்தெடுக்கத்தான் போவணும்" என்றார்.

மாற்றினேன். தலைப்பிலிருந்து ஊர் போயிற்று, அறைகள் நிறைந்தன.

ஒரு காலை, பனிக்குள் நின்ற விருந்தாளி ஒருவர் கேட்டார்: "இது எந்த ஊருங்க?"

அங்கேயே பிறந்த அக்கா என்னைப் பார்க்காமல் சொன்னார்: "மூணாறுதான் சார்."

அந்தப் பதிலை அவர் வாயில் வைத்தது என் தொழில். எவரும் தேடாத சொல்லைத் தலைப்பில் வைக்காதீர்கள் என்று இன்றும் பிறருக்குச் சொல்லித் தருகிறேன். எடுத்துக்காட்டாகச் சித்திரபுரத்தை மட்டும் சொல்வதில்லை.